உயிருள்ள செடிகள்

ஏற்காடு
12.5.1986

அக்கா ஆராயிக்குத் தம்பி ஐயாக்கண்ணு எழுதுகிறேன்.

இந்தக் கடிதத்தை நீ மட்டும் படித்து மடித்து வைத்துவிடாதே. மாமாவுக்கும் படித்துக் காட்டு. விஷயம் அவருடைய மேட்டுக்காட்டைப் பற்றியது.

நம் மலைக்காரர்கள் காப்பி நட அரசாங்கம் மானியம் கொடுக்கிறது. நாற்று இலவசம். குழி வெட்டி நட்டதும் முதல் தவணை. செடிகளில் பாதிக்கு மேல் ஒரு கோடையைத் தாண்டி உயிரோடு நின்றால் இரண்டாவது. அதற்கடுத்த வருஷம் மூன்றாவது. ஆள் சேர்ப்பதும், பிறகு காடு காடாகப் போய்ப் பார்த்து எழுதுவதும்தான் என் வேலை. சேர்ந்து எட்டு மாதமாகிறது, இன்னும் நிரந்தரம் ஆகவில்லை. ஆள் சேர்க்காவிட்டால் ஆகவும் ஆகாது.

இதுவரை ஒருவரும் கையெழுத்துப் போடவில்லை. கொட்டச்சேட்டில் பெரியண்ணன் என்பவர் முகத்துக்கு நேராகவே கேட்டார். "ஏனுங்க தம்பி, இன்னைக்கு நாத்துக் குடுப்பீங்க. நாளைக்குக் காட்டையே எழுதிக்க மாட்டீங்கன்னு என்னங்க நிச்சயம்?" நம் ஆட்களிலிருந்து இந்த ஆபீசுக்குள் போன முதல் ஆள் நான். நான் சொல்லியே நம்பவில்லை.

சொந்த அக்கா புருஷன் நட்டால் மற்றவர்களும் நடுவார்கள். சாமை விதைக்கிற அந்த இரண்டு ஏக்கரையும் காப்பிக்கு விடச் சொல். மாமா கோபக்காரர், நான் சொன்னால் கேட்கமாட்டார். நேரம் பார்த்து நீ சொன்னால் கேட்பார். எனக்காகச் செய், அக்கா.

ஐயாக்கண்ணு


செம்மநத்தம்
3.6.1986

மச்சான் ஐயாக்கண்ணுவுக்கு வேடியப்பன் சொல்ல, உன் அக்கா எழுதுவது.

மேட்டுக்காட்டை விடச் சம்மதம். இந்த வருஷம் சாமை கிடையாது, அடுத்த வருஷமும் கிடையாது. அதுவரை அடுப்பில் எதை வைப்பது என்று உன் ஆபீசு யோசித்ததா? நாற்று நல்ல நாற்றாக வர வேண்டும். காட்டைப் பார்த்து எழுத வருகிற அன்றைக்கு நீதான் வர வேண்டும், வேறு ஆள் வரக் கூடாது. இதைப் பேச்சு மாறாமல் அப்படியே எழுதச் சொல்கிறார்: "உங்கொக்கா பேச்சக் கேட்டுத்தான் நான் எறங்கறேன். காடு போச்சுன்னா உன்ற ஆபீசுக்கெல்லாம் வரமாட்டேன். அவகிட்டத்தான் கேப்பேன்."

அவர் ஆட்டை ஓட்டிக்கொண்டு போய்விட்டார். இனி என் எழுத்து.

தம்பி, லேசில் சம்மதிக்கவில்லை. சொன்ன அன்றைக்குச் சோற்றுத் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துபோனார். விடாமல் சொன்னேன். கல்யாணமாகி ஆறு வருஷத்தில் இந்த ஊட்டில் என் பேச்சை யாரும் காதில் வாங்கியதில்லை. பிள்ளை பெறாதவளுக்கு என்ன பேச்சு என்பார்கள். இப்போதுதான் முதல்முறையாக ஒருவர் கேட்டிருக்கிறார். அது உனக்காகச் சொன்ன பேச்சாக இருந்தாலும் எனக்குச் சந்தோஷம்தான். கெடுத்துவிடாதே கண்ணு.

ஆராயி


ஏற்காடு
9.2.1987

அக்காவுக்கு,

நீ எழுதிய நல்ல செய்தியைப் படித்து இங்கே ரூமில் இருக்கிறவர்களுக்கெல்லாம் மிட்டாய் வாங்கிக் கொடுத்தேன். பிறக்கப்போவது மருமகனோ மருமகளோ, முதல் சட்டை என்னுடையது.

மாமா நட்ட பிறகு பத்தொன்பது பேர் நட்டிருக்கிறார்கள். பெரியண்ணன்கூட நட்டுவிட்டார். முதல் தவணை மாமா கைக்கு வந்த அன்றே பேச்சு மலை முழுக்கப் பரவிவிட்டது. பெரிய அதிகாரி ஜீப்பில் போகும்போது என்னை முன் சீட்டில் உட்காரச் சொன்னார்.

ஒரே கவலை மழை. தை மாதத்திலேயே மண் இப்படிக் காய்ந்து நான் பார்த்ததில்லை. இந்தக் கோடையைச் செடி தாண்ட வேண்டும். பள்ளத்து ஊற்றிலிருந்து தண்ணீர் கொண்டுபோய்ச் செடிக்கு ஒரு சொம்பாவது ஊற்றச் சொல். மாமா மட்டும் செய்தால் போதாது. இந்த நிலையில் உன்னைப் பாரம் தூக்கச் சொல்லக் கூடாதுதான். குடத்தை நிரப்பாமல் பாதி பாதியாகக் கொண்டுபோனால் ஒன்றும் செய்யாது என்று இங்கே சொல்கிறார்கள்.

ஐயாக்கண்ணு


செம்மநத்தம்
14.4.1987

தம்பிக்கு,

சட்டை வாங்க வேண்டாம்.

பங்குனி முழுக்கத் தண்ணீர் சுமந்தேன். நீ சொன்னபடி பாதிக் குடம்தான். ஊற்று சுருங்கிப்போனதால் இன்னும் கீழே இறங்க வேண்டியிருந்தது. போன வெள்ளிக்கிழமை ஏறி வரும்போது பாறை மேட்டில் உட்கார்ந்தவள் எழுந்திருக்க முடியவில்லை. கூட வந்த பெண்கள்தான் தூக்கி வந்தார்கள். ஆண் பிள்ளை. உன் மாமா பார்த்துவிட்டு வெளியே போய்விட்டார். 

மேல் பக்கத்துச் செடி பாதி இன்னும் பச்சையாக இருக்கிறது. கீழ்ப் பக்கம் போய்விட்டது.

உன்னால் வர முடியுமா?

ஆராயி


ஏற்காடு
22.4.1987

அக்காவுக்கு,

கடிதம் கண்டு மனசே சரியில்லை. வரத்தான் நினைத்தேன். ஆபீசில் லீவு தரவில்லை. உடம்பைப் பார்த்துக்கொள். வயசிருக்கிறது, இன்னொன்று பிறக்கும்.

மே மாதம் பெரிய அதிகாரி சேலத்திலிருந்து வந்து காடுகளைப் பார்க்கிறார். நான் சொந்தக்காரர்களுக்குச் சலுகை காட்டுவதாக யாரோ மொட்டைக் கடிதம் போட்டிருக்கிறார்கள். ஜீப்பில் இப்போது மறுபடியும் பின் சீட்டுத்தான்.

பாதி பச்சை என்று எழுதியிருக்கிறாய். பாதிக்கு மேலா, கீழா? தெளிவாக எழுது.

ஐயாக்கண்ணு


செம்மநத்தம்
5.5.1987

மச்சானுக்கு வேடியப்பன் சொல்லி எழுதுவது.

பாதிக்குக் கீழேதான். மேலே என்று எழுதிவிடு. எண்ணுகிறவன் நீ. உன் பேனா.

இது ஆராயி. சாமை இல்லாமல் ஊட்டில் கேழ்வரகும் முடிந்துவிட்டது. செடி போன ஆத்திரத்தையும் பிள்ளை போன ஆத்திரத்தையும் அவர் ஒரே இடத்தில்தான் காட்டுகிறார். எங்கே என்று எழுதவில்லை. பொய் எழுதச் சொல்கிறோம் என்பது எனக்கும் தெரியும். ஒரே ஒரு தடவை எழுது சாமி. உன்னை வளர்த்தவள் கேட்கிறேன்.


ஏற்காடு
2.6.1987

மதிப்பிற்குரிய மாமாவுக்கும் அக்காவுக்கும்,

ஆய்வு முடிந்த அன்று எதுவும் பேச முடியாமல் ஜீப்பில் ஏற வேண்டியதாகிவிட்டது. அதனால் எழுதுகிறேன். உங்கள் காட்டில் மூன்றில் ஒரு பங்கு செடிகள்தான் உயிரோடு இருக்கின்றன. அப்படியே எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். விதிப்படி இரண்டாம் தவணை கிடையாது. முதல் தவணையையும் திருப்பிக் கட்டச் சொல்லி ஓலை வரும்.

எனக்கு வருத்தம் இல்லை என்று நினைக்க வேண்டாம். ஆனால் நான் நேர்மையாக இருந்தால்தான் நமக்குப் பின்னால் நம் ஆட்களை இந்த வேலைக்கு எடுப்பார்கள். அதிகாரி எல்லோர் முன்பும் என் தோளில் தட்டிக்கொடுத்தார். சொந்த அக்கா காட்டையே தள்ளியவன் என்று இப்போது ஆபீசில் ஒரு மரியாதை இருக்கிறது. ஒருநாள் நீங்களும் இதைப் புரிந்துகொள்வீர்கள்.

ஐயாக்கண்ணு


செம்மநத்தம்
16.9.1987

தம்பிக்கு,

பதில் இனிமேல் ஊட்டு விலாசத்துக்கு வர வேண்டாம், என் பேருக்கே எழுது. தபால்காரர் என் கையில் கொடுப்பதாகச் சொல்லியிருக்கிறார். நான் ஊட்டில் இல்லை, ஆட்டுப்பட்டியில் இருக்கிறேன். ஓலை வந்த அன்றைக்கு உன் மாமா என் பாயை எடுத்து அங்கே போட்டார். பிறகு முதல் தவணைக்கு ஈடாக ஆபீஸ் ஆட்கள் வந்து ஆடுகளைப் பிடித்துக்கொண்டு போனதால் பட்டியில் இடம் தாராளமாக இருக்கிறது.

ஆய்வுக்கு வந்த அன்று நான் செம்பில் தண்ணீர் கொண்டுவந்தேன். "யாருப்பா இந்தம்மா?" என்று உன் அதிகாரி கேட்டார். "விவசாயி சம்சாரமுங்க சார்" என்றாய். பொய் இல்லை. நான் விவசாயி சம்சாரம்தான். அன்றைக்கு உன்னைக் கோபிக்கக்கூட எனக்குத் தோன்றவில்லை. தம்பி பொய் சொல்லப் பயப்படுகிறவன், என்ன செய்வது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பட்டியில் படுத்துக்கொண்டும் அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

போன புதன்கிழமை வரைக்கும்.

பிழைப்புக்காகக் கொட்டச்சேட்டில் கூலிக்குப் போகிறேன். பெரியண்ணன் பேரில் இருக்கிற காடு. பேர்தான் அவருடையது. நட்டது, மானியம் வாங்குவது எல்லாம் ஏற்காட்டுக் கடைவீதியில் மளிகைக்கடை வைத்திருக்கிற கோவிந்தராஜ் முதலாளி. மலைக்காரர் பேரில்தான் மானியம் கிடைக்கும் என்பதால் பெரியண்ணனுக்கு மாதம் ஒரு மூட்டை அரிசி. இதெல்லாம் உனக்குத் தெரியாததல்ல. அந்தக் காட்டிலும் செடி செத்துப்போச்சு. எங்கள் காட்டைவிட மோசம்.

மே மாதம் தள்ளிப்போட்ட ஆய்வு அங்கே புதன்கிழமைதான் என்று விடியும்போதே எங்களை வரச் சொன்னார்கள். பக்கத்துப் பழைய தோட்டத்தில் வெட்டிய காப்பிக் கிளைகள் கட்டுக் கட்டாகக் கிடந்தன. குழிக்கு ஒரு கிளை நட்டு, சுற்றி ஈர மண் அணைக்கச் சொன்னார் மேஸ்திரி. "ஏனுங்க, வேரில்லாத குச்சி எப்படிங்க துளுக்கும்?" என்று ஒருத்தி கேட்டாள். "துளுக்க வேண்டாம் தாயி. மத்தியானம் வரைக்கும் வாடாம இருந்தாப் போதும்" என்றார். நானும் நட்டேன். கூலி வேண்டுமே.

பத்து மணிக்கு ஜீப் வந்தது. நீ முன் சீட்டிலிருந்து இறங்கினாய்.

நான் கடைசி வரிசையில் குனிந்திருந்தேன். தலையில் துண்டு கட்டியிருந்தேன். நீ ஒவ்வொரு வரிசையாக வந்தாய். நான் நட்ட கிளை ஒன்றின் பக்கத்தில் நின்று நுனியைத் தொட்டாய். அது சாய்ந்தது. என்ன செய்யப்போகிறாய் என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். நீ அதை நிமிர்த்திவைத்து பூட்ஸ் காலால் மண்ணை மிதித்து இறுக்கினாய். பிறகு நிமிர்ந்தபோது என்னைப் பார்த்தாய். பார்க்கவில்லை என்று மட்டும் எழுதாதே. என் முகத்தைப் பார்த்தாய், என் கையில் இருந்த கிளையைப் பார்த்தாய், அப்புறம் அதிகாரி பக்கம் திரும்பி, "எல்லாம் நல்லாப் புடிச்சிருக்குதுங்க சார்" என்றாய்.

என் காட்டில் இருந்த மூன்றில் ஒரு பங்கு வேரோடு இருந்தது, தம்பி. நான் தண்ணீர் ஊற்றி நின்ற செடி.

ஆராயி


ஏற்காடு
1.10.1987

அக்காவுக்கு,

நீ எழுதியதைப் படித்து இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை. ஆனால் உனக்கு ஆபீஸ் நடைமுறை தெரியாது. கோவிந்தராஜ் சாதாரண ஆள் இல்லை. கொட்டச்சேட்டுக்கு ஏறும்போதே ஜீப்பில் அதிகாரி சொல்லிவிட்டார். "அந்தத் தோட்டத்துல ஒண்ணொண்ணா எண்ணிட்டு நிக்காதப்பா. சும்மா ஒரு சுத்து சுத்திட்டு வா." நான் மாட்டேன் என்றால் அடுத்த நாளே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். அப்படி வேலையை விட்டு வந்து யாருக்காவது நன்மை உண்டா? உன் காட்டுக்காவது மானியம் வருமா?

உன் காட்டை நான் தள்ளியிருக்காவிட்டால் மொட்டைக் கடிதம் உண்மையாகியிருக்கும். அப்போதும் வேலை போயிருக்கும். இரண்டு பக்கமும் யோசித்துப் பார்.

அடுத்த மாதம் என்னை நிரந்தரம் செய்கிறார்கள். ஆபீஸ் தலைமைக் கிளார்க் மூலமாகப் பெண் வந்திருக்கிறது. செல்வி என்று பேர், டீச்சருக்குப் படித்தவள். இந்த நேரத்தில் இதையெல்லாம் வாய் தவறிக்கூட எங்கும் பேசிவிடாதே.

குளிருக்குக் கம்பளி ஒன்று வாங்கிப் பஸ் கண்டக்டரிடம் கொடுத்திருக்கிறேன். வாங்கிக்கொள்.

ஐயாக்கண்ணு


செம்மநத்தம்
18.10.1987

ஐயாக்கண்ணுவுக்கு,

கம்பளியைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

என்னை எட்டாவது வரைக்கும் அப்பா படிக்கவைத்ததை மறந்திருப்பாய். சேலத்தில் உன் அதிகாரிக்கு மேல் ஒரு அதிகாரி இருப்பார். அவருக்குக் கொட்டச்சேட்டில் நடந்ததை எழுதிவைத்திருக்கிறேன். அன்றைக்குக் கிளை நட்ட பெண்கள் ஐந்து பேர் கைநாட்டு வைத்திருக்கிறார்கள். உன் பேரும் அதில் இருக்கிறது. இன்னும் தபாலில் போடவில்லை.

எங்கள் காட்டை மறுபடி ஆய்வு செய்ததாக எழுது. செடிகள் நன்றாகப் பிடித்திருக்கின்றன என்று எழுது. உனக்கு அந்த வாக்கியம் பழக்கம்தான். பிடித்துக்கொண்டு போன ஆடுகளும் திரும்பி வர வேண்டும். மானியம் வந்தால் நான் ஊட்டுக்குள் போவேன். எனக்கு வேறு எதுவும் வேண்டாம்.

நீ என் தம்பி என்று நினைத்துத்தான் முதலில் உனக்கு எழுதுகிறேன். மார்கழி பிறக்கும்வரை காத்திருப்பேன்.

ஆராயி


ஏற்காடு
12.12.1987

ஆராயிக்கு,

கேட்டது நடந்துவிட்டது. செம்மநத்தம் வேடியப்பன் காடு மறு ஆய்வு செய்யப்பட்டு, திருப்தி என்று எழுதப்பட்டிருக்கிறது. பிடித்த ஆடுகளுக்கு உண்டான பணமும் இரண்டாம் தவணையும் சேர்ந்து பொங்கல் கழித்து வரும். ஆடுகள் எப்போதோ சந்தையில் விலைபோய்விட்டன. அதிகாரியிடம் இதற்காக நான் எப்படி நின்றேன் என்று உனக்குச் சொல்லப்போவதில்லை. கோவிந்தராஜின் ஆட்களிடமும் நிற்க வேண்டியிருந்தது.

எழுதிவைத்திருக்கும் காகிதத்தைக் கிழித்துப்போட்டுவிடு.

தை இருபதாம் தேதி எனக்குக் கல்யாணம். அக்கா நிற்க வேண்டிய இடத்தில் செல்வியின் அண்ணி நிற்பாள். பேசிவிட்டேன். நீ வந்தால் யார் யாரோ ஏதேதோ கேட்பார்கள். வர வேண்டாம். எனக்குக் கூடப்பிறந்தவள் இல்லை என்றே பெண் வீட்டில் சொல்லியிருக்கிறேன்.

ஐயாக்கண்ணு


செம்மநத்தம்
27.3.1988

தம்பிக்கு,

காகிதத்தை அன்றைக்கே அடுப்பில் போட்டுவிட்டேன். உன் கல்யாணத்தன்று இங்கிருந்தபடியே தேங்காய் உடைத்தேன். நான் கோபமாக எழுதவில்லை. நிதானமாகப் படி.

மறு ஆய்வு ஓலை வந்ததும் உன் மாமா என் பாயைப் பட்டியிலிருந்து அவரே சுருட்டி எடுத்துவந்து ஊட்டுக்குள் போட்டார். "உன்ற தம்பி கடைசில மனுசனாயிட்டான்" என்று சிரித்தார். தை மாதம் முழுக்க நன்றாகத்தான் இருந்தது. என் கையால் சமைத்துச் சாப்பிட்டார். ஒருநாள் சந்தையிலிருந்து எனக்கு வளையல்கூட வாங்கிவந்தார்.

மாசியில் பணம் வந்தது. ஏற்காட்டுக்குப் போய் வாங்கிக்கொண்டு அப்படியே பஸ் ஏறிக் குப்பனூர் போயிருக்கிறார். எனக்குத் தெரியாது. நான்கு நாள் கழித்துத் திரும்பி வந்து, "பொண்ணு பேசி முடிச்சாச்சு" என்றார். எனக்குப் புரியவில்லை. யாருக்கு என்று கேட்டேன். "எனக்குத்தான். எனக்குன்னு ஒரு புள்ள வேணுமில்ல? கையில காசில்லாம இத்தன நாளு சும்மா இருந்தேன்" என்றார்.

அந்தப் பணத்தில்தான் எல்லாம் நடந்தது. தாலி, புடவை, பந்தல், இரண்டு ஆடு. நான்தான் சோறு ஆக்கினேன். பந்தியில் ஊர்க்காரர்கள் அரசாங்க மானியத்தைப் பற்றிப் பெருமையாகப் பேசிக்கொண்டு சாப்பிட்டார்கள். அவள் பேர் குப்பாயி. பதினேழு வயசு. என்னை அக்கா என்றுதான் கூப்பிடுகிறாள். அவள்மேல் எனக்கு ஒன்றுமில்லை. முதல் நாள் ராத்திரி அழுதவளை நான்தான் சமாதானம் சொல்லி உள்ளே அனுப்பினேன்.

உன் மாமா என்னைப் போகச் சொல்லவில்லை. "நீ எங்கயும் போக வேண்டாம். பட்டியில எடம் இருக்குதில்ல" என்றார்.

பட்டியில் இருக்கப் பயமில்லை தம்பி, இருந்து பழகியவள்தான். ஆனால் ராத்திரியில் ஊட்டுக்குள் அவர்கள் பேசுகிற சத்தம் கேட்கிறது. அதைக் கேட்டுக்கொண்டு இருக்க முடியவில்லை. காப்பிப் பழம் எடுக்கிற சமயத்தில் எஸ்டேட்டில் ஆள் எடுப்பார்கள், கூலியாட்கள் தங்குகிற லைன் ஊடு கிடைக்கும். அங்கே கணக்கு எழுதுகிற ரைட்டரிடம் சொல்லிவைத்திருக்கிறேன். அதுவரைக்கும் உன் ஊட்டில் ஒரு மூலை கொடு. அக்கா என்று சொல்ல வேண்டாம். வேலைக்காரி என்று செல்வியிடம் சொல். பாத்திரம் கழுவுகிறேன், துணி துவைக்கிறேன். என் வாயிலிருந்து ஒரு வார்த்தை வராது.

உன்னை மிரட்டி எழுதிய கை இது என்று நினைக்காதே. உன்னைத் தூக்கி வளர்த்ததும் இதுதான்.

ஆராயி


ஏற்காடு
9.4.1988

அக்காவுக்கு,

கடிதம் கிடைத்தது. நடந்ததை அறிந்து வருந்துகிறேன்.

நாங்கள் இருப்பது ஒற்றை அறை. செல்வி முழுகாமல் இருக்கிறாள், அவளுடைய அம்மாவும் வந்து கூட இருக்கிறார்கள். வேலைக்காரி வைத்துக்கொள்ளும் வசதி இல்லை. வைத்தாலும், நம் இருவர் முகத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கிற யாருக்கும் தெரிந்துவிடும்.

மாமா உன்னைத் துரத்தவில்லை என்பதை நினைத்துப் பார். எத்தனையோ பேர் துரத்திவிடுகிறார்கள். அனுசரித்து இரு. அந்தப் பெண்ணுக்கு ஒரு பிள்ளை பிறந்தால் அதைத் தூக்கி வளர்க்க ஆள் வேண்டும், உனக்கும் அதில் ஒரு ஆறுதல் இருக்கும்.

மூன்றாம் தவணைக்கான ஆய்வு ஐப்பசியில் வரும். நான் கொல்லிமலைக்கு மாற்றலாகிப் போகிறேன், வேறு ஆள் வருவார். அதற்குள் செடி செத்த குழிகளில் புது நாற்று வைத்துவிடச் சொல். இனி ஆபீஸ் விலாசத்துக்கு எழுத வேண்டாம். புது விலாசம் இன்னும் முடிவாகவில்லை.

மாமாவுக்கும் சின்னக்காவுக்கும் என் வணக்கத்தைச் சொல்.

ஐயாக்கண்ணு